சீமைக்கருவேலத்தில் பைப் செதுக்கல்: புகைத்துளை மேலே ஏறிப்போச்சு, விளிம்புல கீறல். தேறுமா?

ஆரப்பாளையம்_உளி:

வணக்கம். புகையிலை பைப் ஒண்ணு கையாலயே செதுக்கிட்டு இருக்கேன். அலமாரியில வைக்க இல்ல, பத்த வச்சு இழுக்கத்தான். சட்டம், ஸ்டூல், கதவு வேலையெல்லாம் கை பழகினது, பைப் புதுசு. கட்டையோட நிலவரம் இது.

மரம் சீமைக்கருவேலம். காரியாபட்டிப் பக்கம் கரிமூட்டத்துக்கு வெட்டிப் போட்டிருந்த குவியல்ல எடுத்தது. வெட்டி மூணு மாசம் இருக்கும். வெளி உருவத்தை முதல்ல ராவி உருட்டியாச்சு, அதுக்கப்புறம் கை டிரில்லால துளை போட்டது. கிண்ணத்துத் துளை 20 மி.மீ. அகலம், 40 ஆழம். புகைத்துளைக்கு 4 மி.மீ. பிட். கழுத்து, அதாவது வாய்க்குழல் செருகுற தண்டுப் பக்கமிருந்து போட்டா பாதி வழியிலயே பிட்டோட நீளம் தீந்துபோச்சு. மீதியைக் கிண்ணத்துக்குள்ள இருந்து சாய்ச்சுப் போட வேண்டியதாச்சு. இப்ப நடுவுல ஒரு படி மாதிரி தட்டுது, துளையும் கிண்ணத்தோட அடியில வராம 5 மி.மீ. மேல, கொஞ்சம் ஓரமா வந்திருக்கு.

விளிம்புலருந்து கீழ ஒரு முடி அளவு கீறல், 15 மி.மீ. நீளம். வாய்க்குழலோட கழுந்து (கழுத்துக்குள்ள செருகுற முனை) மரத்துலயே செஞ்சது. காலையில லூசு, சாயங்காலம் டைட்டு.

இது தேறுமா? அடுத்த கட்டைக்கு எந்த வரிசையில வேலை செய்யணும்? மேல மெலமைன் பாலிஷ் அடிக்கலாமா?

கடைசல்_அவனியாபுரம்:

உருவம் முதல், துளை அப்புறம்னு போனதுதான் மூலம். உருட்டின கட்டையை வைஸ்ல நேரா பிடிக்க முடியாது. அளவு எடுக்க ஒரு நேர் விளிம்பும் மிஞ்சாது. கட்டை சதுரமா இருக்கும்போதே துளை எல்லாம் முடியணும். பைப்புங்கிறது துளையைச் சுத்தி மிச்சம் வைக்கிற மரம், அவ்வளவுதான்.

அடுத்ததுக்கு 90 × 50 × 42 மி.மீ. கட்டை எடுங்க. ஆறு பக்கமும் இழைச்சு மூலைமட்டம் வச்சுப் பாருங்க. கிராஃப் தாள்ல பக்கவாட்டுத் தோற்றத்தை நிஜ அளவுலயே வரைஞ்சு கட்டைமேல ஒட்டிடுங்க. நேர் கழுத்து, நேர் கிண்ணம். வளைவெல்லாம் இப்ப வேண்டாம். அளவு இப்படி வச்சா ஒண்ணோட ஒண்ணு பொருந்தும்:

கிண்ணத்தோட வெளி அகலம் 36, உயரம் 46. உள் துளை 19 அகலம், 38 ஆழம். அப்ப சுவர் 8.5, அடி 8 மி.மீ. நிக்கும். கழுத்து 16 மி.மீ. உருளை, கிண்ணத்துச் சுவர்ல இருந்து 45 நீளம். கழுந்துத் துளை 8 மி.மீ., ஆழம் 20. புகைத்துளை 4 மி.மீ.; அதோட மையக்கோடு மேல்விளிம்புல இருந்து 36 மி.மீ. கீழ ஓடணும். ஏன் 36னா, 4 மி.மீ. துளைக்கு மையத்துல இருந்து கீழ்விளிம்பு 2 மி.மீ. 36ம் 2ம் 38. துளையோட கீழ்விளிம்பு கிண்ணத்தோட அடியை அப்படியே தொட்டுட்டுப் போகும். உங்களுக்கு இப்ப 5 மி.மீ. மேல ஏறினதுனால துளைக்குக் கீழ மிஞ்சின பள்ளத்துல புகையிலை எரியாம ஈரமா தங்கும். சாறு இறங்கி இழுக்கும்போது களகளன்னு சத்தம் வரும், வாய்க்குக் கசப்பும் வரும். ரொம்ப இறங்கினாலும் தப்பு: அடி மரம் மெலிஞ்சு ஒருநாள் பொத்துக்கும்.

வரிசை: கழுந்துத் துளை, அதுக்குள்ளயே புகைத்துளை, கடைசியா கிண்ணம். முதல் ரெண்டுக்கும் நடுவுல கட்டையை வைஸ்ல இருந்து கழட்டவே கூடாது. 8 மி.மீ. பிட் அடியில ஒரு கூம்புப் பள்ளம் விட்டுட்டுப் போகும், 4 மி.மீ. பிட்டோட மூக்கு தானா அதோட நடுவுல உக்காரும். கழட்டி மாட்டினா இந்த வசதி போச்சு.

பிட் பாதியில தீர்ந்தது உங்க கைத்தப்பு இல்ல. கடையில சாதாரணமா தர்ற 4 மி.மீ. பிட் மொத்தமே 75 மி.மீ., அதுல தூளை வெளிய தள்ளுற முறுக்கு வரி 43தான். உங்களுக்கு வேண்டியது கழுத்து முகத்துல இருந்து கிண்ணத்து நடு வரைக்கும் 63. 'லாங் சீரீஸ்' 4 மி.மீ.னு கேளுங்க, 119 நீளம், வரி 78 இருக்கும். நீளமான பிட் வளையும், அதனால 5 மி.மீ. போனதும் வெளிய இழுத்துத் தூளைத் தட்டிட்டுத் திரும்ப இறக்குங்க. தூள் அடைச்சா சூடாகி மரம் கருகும், பிட் மெத்தான பக்கமா ஓடிடும். 63 வந்த இடத்துல பிட்ல டேப் சுத்தி அடையாளம் வச்சுக்குங்க.

கிண்ணத்துக்கு 19 மி.மீ. தட்டை பிட் வாங்கி, ரெண்டு மூலையையும் கிரைண்டர்ல உருட்டித் தேய்ச்சு ப வடிவத்தை வளைவாக்குங்க. நடு மூக்கை 2 மி.மீ.க்குள்ள குறைச்சிடுங்க, இல்லேன்னா அடியில ஊசிக்குழி விழும். வெட்டுற விளிம்புக்குப் பின்பக்கம் சரிவு விட மறந்தா அது வெட்டாது, தேய்க்க மட்டும் செய்யும். கடைசி 3 மி.மீ.க்கு மெதுவா போங்க. புகைத்துளையோட வாய் அடியில அரைநிலா மாதிரித் தெரிஞ்சு முழு வட்டம் ஆனதும் நிறுத்திடலாம்.

டிரில் ஸ்டாண்டு இல்லேன்னா பழைய சிடி ஒண்ணைக் கட்டைமேல ஒட்டி, நடு ஓட்டை வழியா பிட்டை விடுங்க. பிட்டும் அதோட பிம்பமும் ஒரே கோடா தெரிஞ்சா நேர். முறிஞ்சு தெரிஞ்சா சாய்வு. ஆனா 63 மி.மீ. ஆழத்துக்குக் கையை நம்புறது சூதாட்டம். பக்கத்துக் கடைசல் பட்டறையில குடுத்து ரெண்டு துளை போட்டு வாங்கிட்டு, செதுக்கலை மட்டும் கையால செய்யுங்க. அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல.

மேலூர்_தச்சு:

துளை விஷயத்தை அண்ணன் சொல்லிட்டார். மரத்தைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா கீறலுக்கும் கழுந்து லூசு டைட்டுக்கும் காரணம் அங்கதான் இருக்கு. மூணு மாசத்துக் கட்டை பச்சைக்கட்டைதான் தம்பி.

சீமைக்கருவேலம் தேர்வு சரி. அமெரிக்காவுல இதோட பங்காளி மரமான மெஸ்கீட்ல பைப் செய்றவங்க இருக்காங்க. வைரம், அதாவது உள் மரம், கெட்டி, காயும்போது ரேகைக்குக் குறுக்க எந்தத் திசையிலயும் ஏறக்குறைய ஒரே அளவுல சுருங்குறதால அதிகம் முறுக்காது. ஆனா அந்த செவ்வரக்கு நிற வைரம் மட்டும்தான் ஆகும். வெளிய இருக்கிற மஞ்சள் வெள்ளையில வண்டு துளைக்கும்.

முக்கியமானது, மரத்தோட நடு மையம் கட்டைக்குள்ள வரவே கூடாது. மையம் இருந்தா நீங்க என்ன பண்ணினாலும் அதுலருந்து கீறல் கிளம்பும். அப்படின்னா மையத்துக்கு ஒரு பக்கமா 50 × 42 வைரம் கிடைக்கிற பருமன் வேணும். விறகுக்கு வர்ற கை பருமன் குச்சியில அது வராது. மானாமதுரை, திருச்சுழிப் பக்கம் மூட்டம் போடுறவங்க தூரோட தோண்டி எடுப்பாங்க, அந்த அடித்தூர்ல கேளுங்க. தூர்க்கட்டையில ரேகை பின்னிக்கிட்டு இருக்கும், வெடிக்கிறது குறைவு. ஒரே தொல்லை, உள்ள சரளையும் மணலும் சிக்கியிருக்கும். அறுக்கிறதுக்கு முன்னாடி கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கலேன்னா ரம்பப் பல்லு போயிடும். முள்ளு குத்தினா புண்ணு லேசுல ஆறாது, கையுறை போடுங்க.

ரேகை எந்தப் பக்கம் ஓடணும்னு பாக்காம கோடு போடாதீங்க. கழுத்தோட நீளத்துலதான் ஓடணும். குறுக்க ஓடினா 4 மி.மீ. சுவர் உள்ள கழுத்து, குழலைச் செருகும்போதே பட்டுனு போயிடும்.

காய வைக்க: கட்டையை எல்லாப் பக்கமும் 8, 10 மி.மீ. கூடுதலா அறுத்துக்குங்க. பிரையர்னு சொல்ற பைப் மரத்தை மத்தியதரைக்கடல் பக்கம் மணிக்கணக்கா கொதிக்க வச்சு, அப்புறம் மாசக்கணக்கா ஆற வச்சுத்தான் விக்கிறாங்க. இதையும் நாலு மணி நேரம் கொதிக்க விடுங்க, தண்ணி தேத்தண்ணி நிறமாகும், ஒருதடவை மாத்துங்க. எவர்சில்வர் அல்லது அலுமினியப் பாத்திரம்தான். இரும்புச் சட்டியில போட்டா மரத்துல இருக்கிற துவர்ப்போட சேர்ந்து கட்டை கருத்துப் போகும். மேல்ஈரம் ஆறினதும் ரெண்டு வெட்டுமுகத்துக்கும் மெழுகுவத்தியை உருக்கித் தடவுங்க. ஈரம் வெட்டுமுகம் வழியாத்தான் வேகமா போகும், அங்கதான் முதல் கீறலும் விழும். அதே மரத்தோட சீவல்ல பொதிஞ்சு காகிதப் பையில போட்டு நிழல்ல வைங்க. மொட்டை மாடியில கத்திரி வெயில்ல வச்சா ஒரே வாரத்துல பிளந்து கையில குடுக்கும்.

காஞ்சுச்சான்னு தட்டிப் பாத்தோ மோந்து பாத்தோ முடிவு பண்ண வேண்டாம். வாரம் ஒருதரம் சமையலறைத் தராசுல நிறுத்துப் பென்சிலால கட்டையிலயே எழுதுங்க. மூணு வாரம் தொடர்ந்து எடை மாறலேன்னா காஞ்சது. ஐப்பசி, கார்த்திகை மழையில கொஞ்சம் ஏறும்; அப்ப கழுந்து வேலை பண்ணாதீங்க, தை பிறந்து பண்ணுங்க.

வேற மரம்னா புளி வைரம் நல்லா கெட்டி, கொய்யாவும் ரேகை நெருக்கம். நாட்டுக் கருவேலமும் ஆகும். தொடவே கூடாதது: அரளி, எட்டி, தில்லை, சேராங்கொட்டை. இதெல்லாம் விஷம், சூடு பட்ட மரத்துல இருந்து வர்றதை வாயால இழுக்கப் போறீங்க. தோதகத்தித் தூள் நிறைய பேருக்குத் தோல்லயும் மூக்குலயும் ஒத்துக்காது. காரைக்குடிப் பக்கம் இடிச்ச வீட்டு பர்மா தேக்கு பாக்க ஆசையாத்தான் இருக்கும். எண்ணெய் மரம், புகையில அந்த வாடை ஏறும். கரையான் மருந்து, பெயிண்ட் எது குடிச்சிருக்குன்னும் தெரியாது.

கீறலுக்கு ஒரு சோதனை: ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு விடுங்க. மேற்பரப்பு நொடியில காயும், கீறல் மட்டும் கறுப்புக் கோடா நிக்கும். அந்தக் கோடு உள்சுவர்லயும் தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

திருநகர்_67:

இவ்வளவு பாடு எதுக்கு? துளை போட்டு, குழலும் பொருத்தின பிரையர் கட்டை ஆன்லைன்ல கிடைக்குது. அதுல வெளி உருவம் மட்டும் செதுக்கினா முதல் பைப்பே இழுக்க நல்லா இருக்கும். பிரையர்ங்கிறது எரிக்கா ஆர்போரியாங்கிற புதர்ச்செடியோட வேர்முண்டு, சூடு தாங்குறதுல அதுக்கு ஈடு இல்ல. அதுல சுவர் 6 மி.மீ. இருந்தாலே போதும்.

கடைசல்_அவனியாபுரம்:

@திருநகர்_67 அதுவும் வழிதான், செதுக்கல் மட்டும் பழகணும்னா. ஆனா பைப் நல்லா இழுக்குமா இழுக்காதான்னு தீர்மானிக்கிற துளை வேலையை வேற யாரோ முடிச்சுட்டாங்க. அவர் கேட்டது அதைத்தானே. இன்னொன்னு, அந்தக் கட்டையில துளை எங்க போகுதுன்னு வெளிய தெரியாது. புகைத்துளையில ஒரு கம்பியும் கிண்ணத்துல ஒரு ஸ்கேலும் விட்டு அளந்து, வெளிய கோடு போட்டுட்டுத்தான் அரத்தைக் கையில எடுக்கணும்.

ஆரப்பாளையம்_உளி:

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே. ஸ்பிரிட் போட்டுப் பாத்தாச்சு. உள்ளயும் கோடு தெரியுது, 10 மி.மீ. வரைக்கும். சூப்பர் குளூ விட்டு அடைச்சா நிக்குமா? வாய்க்குழலுக்கு என்ன பொருள் வாங்குறது?

மேலூர்_தச்சு:

நிக்காது. அந்தப் பசை சூட்டுல இளகும், வர்ற ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கிண்ணத்துக்குள்ள எந்தப் பசையும் போகக்கூடாது. உள்ள வரைக்கும் ஓடின கீறல் பத்த வச்சதும் இன்னும் திறக்கும். இந்தக் கட்டை பழகுறதுக்குன்னு வச்சுக்குங்க, கழுந்து பொருத்தவும் உப்புத்தாள் போடவும் தோதான கட்டைதான்.

கீறல் இல்லாம அடி மட்டும் பள்ளமா இருந்திருந்தா காப்பாத்தலாம். சுருட்டுச் சாம்பலை, திண்டுக்கல் சுருட்டு எதுவா இருந்தாலும் சரி, சலிச்சு, சொட்டுச் சொட்டாத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு, அந்தக் களியை அடியில அப்பி மட்டத்தை உயர்த்திடலாம். அப்பும்போது புகைத்துளையில ஒரு கம்பியை விட்டு வைக்கணும். ரெண்டு மூணு நாள்ல கல்லாயிடும்.

உள்சுவருக்குப் பூச்சு வேணும், பிரையர் இல்லாத மரத்துக்குக் கட்டாயம். கரியை மாவா இடிச்சுத் துணியில சலிச்சு, கெட்டி மோர்ல குழைச்சு விரலால மெல்லிசா ஒரு பூச்சு. நல்லா காயட்டும். மோர்ல இருக்கிற புரதம்தான் கரியைப் பிடிச்சு நிக்குது, உப்புப் போட்ட மோர் வேண்டாம். முதல் சில தடவை பாதிக் கிண்ணம்தான் நிரப்பணும், நிதானமா இழுக்கணும். உள்ள 1 மி.மீ. அளவுக்குக் கரி படிஞ்சதும் அதுதான் மரத்துக்குக் கவசம்.

நாகமலை_பாலிஷ்:

மெலமைன், பியூ (பாலியூரித்தேன்), வார்னிஷ் எதுவுமே வேண்டாம். மேல படலம் கட்டுற எதுவும் சூட்டுல கொப்புளிக்கும். மரம் ஈரத்தை வெளிய விடவும் முடியாது. பிரெஞ்ச் பாலிஷ் போடலாமேன்னு நிறைய பேர் சொல்வாங்க. அது அரக்குலதான் செய்றது, அரக்கு 75 டிகிரி வாக்கில இளகும். கிண்ணத்து வெளிப்பக்கம் கையில பிசுபிசுக்கும். கழுத்துக்கு மட்டும்னா ஒரு மெல்லிய கை போடலாம்.

சரியானது மெழுகு. தேன்மெழுகு 62லேயே உருகுறதால அது தனியா போதாது. கார்னாபாங்கிற பனையிலை மெழுகு 82க்கு மேலதான் உருகும், அந்தச் செதில் மெழுகை வாங்குங்க. காருக்குப் போடுற டப்பா மெழுகுல கரைப்பான், சிலிக்கான் எல்லாம் கலந்திருக்கும், அது ஆகாது. டிரில்ல பஞ்சுச் சக்கரம் மாட்டி, மெழுகைச் சக்கரத்துல காட்டி, சக்கரத்தை மரத்துல காட்டணும். சின்ன பஃப் சக்கரம், ஊசி அரம் எல்லாம் மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப்பட்டறைச் சாமான் விக்கிற கடையில கேளுங்க.

அதுக்கு முன்னாடி உப்புத்தாள் 80, 120, 220, 320, 400, 600. நம்பரைத் தாண்டாதீங்க, 80 விட்ட கோடு 400ல போகாது, மெழுகு போட்டதும் பளிச்சுனு தெரியும். 220 முடிஞ்சதும் ஈரத்துணியால ஒரு துடை. நார் எழும்பும், காஞ்சதும் அதே 220ஐ மறுபடி போடுங்க. கிண்ணமும் கழுத்தும் சேர்ற மூலையிலதான் எல்லாரும் விட்டுடுவாங்க, அங்க வட்ட அரத்துல தாளைச் சுத்தித் தேய்க்கணும். கறுப்பு வேணும்னா சாயமே வேண்டாம்: வினிகர்ல துருப்பிடிச்ச ஆணியை ஒரு வாரம் ஊற வச்சு வடிகட்டி வெளிப்பக்கம் தடவுங்க. சீமைக்கருவேலத்துல துவர்ப்பு நிறைய, கண்ணு முன்னாடியே கருக்கும்.

கடைசல்_அவனியாபுரம்:

வாய்க்குழலுக்கு எபோனைட் (கெட்டி ரப்பர்) தண்டு. மை பேனா கடையிறவங்க வாங்குறது அதுதான், 16 அல்லது 18 மி.மீ. கேளுங்க. கழுந்தை மரத்துல செய்யாதீங்க. மரத்துக்குள்ள மரம், ரெண்டும் ஈரத்துல ஊதும், அதான் காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. எபோனைட்லயே கடையலாம், இல்ல 8 மி.மீ. டெல்ரின் பிளாஸ்டிக் தண்டை வெட்டிக் குழல்ல பதிக்கலாம். நீளம் 19 வைங்க, துளை 20. 1 மி.மீ. இடைவெளிக்கு மேல விட்டா அங்க சாறு தேங்கும். சரிசமமா வச்சா கழுந்து முட்டி, முகம் ஒட்டாம கோடு தெரியும். கழுத்து முகத்தை முதல்ல இழைச்ச சதுரத்தோட அப்படியே விட்டுடுங்க, அதுமேல உப்புத்தாள் போட்டா விளிம்பு உருண்டு இடைவெளி வந்துடும். குழலை மாட்டி வச்சே ரெண்டையும் சேர்த்து ராவினா ஒரே கோடா வரும்.

குழல்ல துளை கழுந்துப் பக்கம் 3.5, வாய்ப்பக்கம் 2 மி.மீ. போதும், ஆனா வாயில விசிறி மாதிரி அகலமான பிளவா விரிச்சு விடணும். இந்தத் துளையும் தண்டு உருண்டையா இருக்கும்போதே போடணும். பல்லுல கடிக்கிற இடம் 4 மி.மீ. கனம், அதுக்குப் பின்னாடி ஒரு சின்ன உதடு. எபோனைட் ராவும்போது கந்தக வாடை அடிக்கும், தண்ணி தொட்டுத் தேய்ங்க. மரத்தூளுக்கு என்95 மாஸ்க் போடுங்க, கைக்குட்டை பத்தாது.

பைப் சூடா இருக்கும்போது குழலைக் கழட்டாதீங்க. அப்பத்தான் கழுத்து மரம் ஈரம் குடிச்சு இறுக்கமா பிடிச்சிருக்கும், திருகினா 4 மி.மீ. சுவர் கீறிடும். ஆறினதும் திருகி எடுத்து, புகைத்துளையில பைப் கிளீனர் விட்டுத் துடைச்சு, குழலைத் தனியா வச்சு ஒரு நாள் காய விடுங்க.